துடிப்பு தெரியாத நாட்கள்

பல வருடம் காத்திருந்து உண்டான கரு அது. அப்போது நான் கொல்லிமலையில், குண்டூர் நாடு என்ற ஊராட்சியின் அரசுப் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியை. நாமக்கல்லில் ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா திரையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"துடிப்பு இன்னும் தெரியலைங்க. நாள் கணக்கு முன்னப்பின்ன இருக்கலாம். ரெண்டு வாரம் கழிச்சு வாங்க, பாக்கலாம்."

மலையேறும் பஸ்ஸில் என் கணவர் முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்தபடி வந்தார்.

வீட்டில் இருப்புக்கொள்ளாமல் மறுநாளே பள்ளிக்குப் போனேன். மூலக்கூறுகளைப் பற்றிய பாடம். ஒரு மாணவி எழுந்தாள்.

"ஏனுங்க டீச்சர், தண்ணியோட ஒத்த மூலக்கூறு ஈரமா இருக்குமுங்களா?"

"இருக்காது கண்ணு. ஏராளமா சேந்து, ஒண்ணையொண்ணு இழுத்துப் புடிச்சாத்தான் ஈரம்."

"ஒண்ணுலயும் இல்லாதது, சேந்தா மட்டும் எங்கிருந்துங்க வரும்?"

"சேர்றதுலதான் வருது" என்றேன். அவளுக்குத் திருப்தியில்லை. எனக்கும்தான்.

அன்று மாலை, கருவில் இதயம் எப்படித் துடிக்கத் தொடங்குகிறது என்று செல்போனில் தேடிப் படித்தேன். மின்னூட்டம் கொண்ட உப்புத் துகள்கள் செல்லின் சவ்வைக் கடந்து உள்ளே போய் வெளியே வருகின்றன. நான் வகுப்பில் நடத்தும் அதே மின்சாரம்தான். அதனால் ஒரு செல் சுருங்கி விரிகிறது. பக்கத்துச் செல்லோடு ஒட்டியதும் அந்த அசைவு அதற்கும் தொற்றுகிறது. மெல்ல எல்லாம் ஒரே தாளத்துக்கு வந்துவிடுகின்றன. ஆணையிட எந்த மூளையும் அங்கே இல்லை.

கணவரிடம் சொன்னேன். "படிச்சா மனசு ஆறுதா?" என்று கேட்டார்.

"ஆறலைங்க. ஆனா பயத்துக்கு நடுவுல ஆச்சரியமாவும் இருக்கு."

அதன்பின் அவரும் என்னோடு சேர்ந்து படித்தார். புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்டார். இரவுகள் அப்படித்தான் கழிந்தன.

இரண்டாம் ஸ்கேனில் டாக்டரம்மா திரையை எங்கள் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்துக்கு நடுவே, அரிசிமணி அளவில், ஏதோ விடாமல் மினுக்கிக்கொண்டிருந்தது.

"இதுங்களா?" என்றார் கணவர்.

"அதேதானுங்க."

கணவர் சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை. அந்த மினுக்கலிலிருந்து கண்ணை எடுக்க மனமில்லை.

மகள் இப்போது ஒன்றாம் வகுப்பு. சாம்பார் பிடிக்காது, ரசம் என்றால் மறுபடியும் கேட்பாள். நினைத்தது நடக்காவிட்டால் ஒரு மணி நேரம் பேசமாட்டாள். இந்தப் பிடிவாதம் எந்த அணுவில் இருந்தது என்று கேட்டால், இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது.