மாதாவுக்கு எரிந்த பல்பு

ராயபுரத்தில் எங்கள் கம்பெனிக் காரை ஓட்டியவர் காக்கிச் சட்டைக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டிருப்பார். எதைத் தொடும் முன்னும் சிலுவை போட்டுக்கொள்வார். காரின் பேட்டரியோ காலைதோறும் செத்துக் கிடக்கும். குமாஸ்தாவான நான் வண்டிக்கு முன்னால் குனிந்து, இன்ஜினைக் கையால் கிளப்பும் ஹாண்டிலைச் சுற்றுவேன். டிரைவர் உள்ளே உட்கார்ந்து ஜெபிப்பார். ஆசிட் மாற்றினோம், ஒயரை மாற்றினோம், பயனில்லை. இன்னொரு நாள் தான் துறைமுகத்துக்குப் போகத் தாமதமானால் இருவருக்கும் சீட்டுக் கிழிப்பதாகக் கம்பெனித் துரை சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். காருக்குள், மாதா படத்தின் முன்னால், சின்னச் சிவப்பு பல்பு ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

“இது எப்பவும் எரியுமா?” என்று டிரைவரைக் கேட்டேன்.

“பின்ன? பேட்டரி மொத தபா மக்கர் பண்ணப்பவே நேந்துகினு வெச்சது சார். ராவெல்லாம் எரியும்.”

“அதுதான்யா பேட்டரியைக் குடிக்குது!” என்று பல்பைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். ராத்திரி முழுக்க அவர் தூங்கியிருக்கமாட்டார்.

மறுநாள் ஸ்டார்ட்டரை மிதித்ததுமே வண்டி உறுமியது. டிரைவரின் கண் கலங்கிவிட்டது.

“பாத்தீங்களா சார்? மாதா கைவுடல!”

துரையை நேரத்துக்கு இறக்கிவிட்டுத் திரும்பியதும், அவர் நன்றியோடு அந்த பல்பை மறுபடி மாட்டினார். பக்கத்தில் புதிதாக இன்னொன்றும் மாட்டினார்.

நான் போய் ஹாண்டிலைத் தேடி எடுத்து வைத்தேன்.