சிவப்பு எண்ணைத் துடைத்த அப்பா

உதவி செய்யப் போய் வாங்கிக் கட்டிக்கொள்வதில் எனக்குத் தனித் திறமை உண்டு. இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. ஆனால் இந்த முறை நான் கை வைத்தது ஒரு வருங்கால டாக்டரின் பரீட்சையில்!

என் மகள் லோஷினி மருத்துவக் கல்லூரியில் முதல் வருடம். தினமும் கிள்ளான் வீட்டிலிருந்து சுபாங் ஜெயாவிலுள்ள கல்லூரிக்குக் கார் ஓட்டிப் போய் வருகிறாள்.

கல்லூரியில் பாடம் நடத்துகிறார்கள்தானே, அது போதாதா? இதை நானும் கேட்டேன். “உங்களுக்குப் புரியாதுலா, பா” என்று பதில் வந்தது. லெக்சர் போதாதாம். அதற்கு மேல் வீடியோ. வீடியோவுக்கு மேல் ஆன்லைன் கேள்வித் தொகுப்பு. போதாததற்கு சீனியர்கள் டெலிகிராமில் கொட்டுகிற நோட்ஸ். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வேறு, இது இல்லாமல் பிள்ளை பாஸ் பண்ணவே முடியாது என்று தினம் ஒரு லிங்க். அத்தனையையும் திறந்துகூடப் பார்க்காமல் மகளுக்கு ஃபார்வர்ட் செய்த புண்ணியவான் யார்? ஜிம்முக்குச் சந்தா கட்டிவிட்டு வீட்டில் தொப்பையைத் தடவிக்கொண்டிருக்கும் இதே ஆள்தான்.

இந்தக் குவியலில் அவள் உருப்படியாகப் பிடித்துக்கொண்டது ஒன்றே ஒன்று — ஃபிளாஷ் கார்டு ஆப். திரையில் கேள்வி வரும். மனதுக்குள் பதில் சொல்லிவிட்டு, சரியா என்று பார்த்து, ஒரு பட்டனை அமுக்க வேண்டும். ‘அகெய்ன்’ என்றால் அதே கேள்வி சீக்கிரமே திரும்பி வரும். ‘ஈஸி’ என்றால், இவளுக்கு இது தெரியும் என்று நம்பி, வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூடத் தலைகாட்டாது.

இந்தக் கடைசி விவரம் எனக்கு அப்போது தெரியாது. அதுதான் வினை.

அனாட்டமி பரீட்சைக்கு முந்தின சனிக்கிழமை. பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு அம்மாவும் மகளும் எதிர்ச் சேலைக் கடைக்குள் போனார்கள். மேஜையில் நானும் ஒரு கிளாஸ் தே தாரிக் டீயும் லோஷினியின் டேப்லெட்டும் காவல். சேலைக் கடைக்குள் போனவர்கள் எப்போது வருவார்கள் என்று உங்களுக்கே தெரியும்... சும்மா இருப்பேனா? ஆப்பைத் திறந்தேன். பாக்கிக் கார்டுகள் என்று ஒரு பெரிய சிவப்பு எண். வாட்ஸ்அப்பில் படிக்காத மெசேஜ் ஒன்று கிடந்தாலே எனக்குக் கை அரிக்கும். பாவம், பிள்ளைக்கு எவ்வளவு பாக்கி! அமுக்கினேன். ஈஸி, ஈஸி, ஈஸி. தே தாரிக் ஆறுவதற்குள் சிவப்பு மறைந்து, திரையில் வாழ்த்துச் செய்தியே வந்துவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

காரில் ஏறியதும் நானே பெருமையாகச் சொன்னேன். மகள் டேப்லெட்டை வாங்கிப் பார்த்தாள். “எல்லாத்தையும் ஈஸின்னு போட்டுட்டீங்களா?” என்றாள்.

கார்டெல்லாம் அப்படியே இருக்கிறதே, மறுபடி படித்தால் ஆயிற்று என்றேன்.

“கார்டு இருக்குப்பா. எனக்கு எது தெரியாதுங்கிறதுதான் போச்சு.”

பழையபடி மாற்றவும் வழியில்லையாம்; எல்லாம் ஆன்லைனில் சிங்க் ஆகிப் பதிவாகிவிட்டதாம். செவ்வாய்க்கிழமை பரீட்சை. தவறினால் லீவில் மறு தேர்வு. அதிலும் தவறினால் முதல் வருடத்தையே திரும்பப் படிக்க வேண்டும். பின்சீட்டிலிருந்து மனைவி ஒரே ஒரு தீர்ப்புதான் சொன்னாள்: “அழிச்சவரே ஆப்புக்குப் பதிலா உக்காந்து கேள்வி கேக்கட்டும்.”

உட்கார்ந்தேன். திங்கட்கிழமை கல்லூரிக்குப் போகவர, ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் புது லைசென்ஸுக்கான P ஸ்டிக்கர் ஒட்டிய காரை அவள் ஓட்ட, பக்கத்தில் நான் கேள்வி வாசித்தேன். தோளிலிருந்து விரல் வரை எத்தனை நரம்பு! ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு பாதை, அறுந்தால் எந்த விரல் மடங்காது என்ற வம்பு வேறு. படைத்தவன் கொஞ்சம் சிக்கனமாக இருந்திருக்கக் கூடாதா?

நடுவில் ஒன்றைக் கவனித்தேன். பதில் சரியாகத் தெரிந்தால் பட்டென்று சொல்லிவிடுகிறாள். அரைகுறை என்றால் ஸ்டீயரிங்கில் விரல் தாளம் போடுகிறது. தாளம் கேட்டால், சரியாகச் சொன்னாலும் விடாமல் அதையே மறுபடி கேட்டேன்.

“இது சரியாத்தானே சொன்னேன்?”

“சொன்னே. ஆனா தெரியாது.”

தாளம் போட்ட விரலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு, “ஆப்புல இதெல்லாம் நான் ‘ஈஸி’தான் அமுக்கியிருப்பேன்” என்றாள்.

அப்பாவுக்குப் பிள்ளை தப்பாமல்தான் பிறந்திருக்கிறது! வீடியோவை வாங்கினால் பார்த்த மாதிரி, நோட்ஸை இறக்கினால் படித்த மாதிரி, பட்டனை அமுக்கினால் தெரிந்த மாதிரி. பாவம் அந்த ஆப்... நாம் எதை அமுக்கினாலும் நம்பிவிடுகிறது.

போன வாரம் ரிசல்ட் வந்தது. பாஸ். பிரமாதமான பாஸ் இல்லை, ஆனால் லீவு தப்பியது. ஆப்புக்குப் புதுப் பாஸ்வர்டும் போட்டாயிற்று. யாரை உத்தேசித்து என்று நான் கேட்கவில்லை.

நேற்று காலை ரொட்டி சானாய் சாப்பிடும்போது, உற்சாகத்தில் என் ஆஸ்தான ஜோக் ஒன்றை ஆரம்பித்தேன். மகள் தட்டிலிருந்து நிமிரவே இல்லை.

“ஈஸி. நாலு மாசம் கழிச்சி வாங்கப்பா.”