மைக்ராஸ்கோப்புக்குப் பாடு

ரமாபாய் டீச்சரின் இடது கை மைக்ராஸ்கோப்பின் அடியிலிருக்கும் வட்டக் கண்ணாடியை விட்டு இறங்காது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு குனியக் குனிய, இவர் அதை நூலளவு திருப்பி, வாசல் வெயிலைப் பிடித்து மேலே அனுப்பிக்கொண்டே இருப்பார். மூர் மார்க்கெட்டில் ஓட்டை உடைசலோடு கிடந்ததைப் பேரம் பேசி வாங்கிய மைக்ராஸ்கோப். பல்பு கிடையாது, வெயில்தான் எல்லாம். எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய அந்தக் குப்பத்து வலைக்கூடத்திலோ ஜன்னல்களை வலைக்குவியல் அடைத்துவிட்டது. வாசல் ஒன்றுதான் வழி. "வெளிச்சத்த வுடு நைனா, வாசல்ல நிக்காத" என்று ஒரு சனிக்கிழமைக்குள் எத்தனை தடவை சொல்வாரோ, அவருக்கே தெரியாது.

சனிக்கிழமை மட்டும் இந்தக் குப்பத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பு. மற்ற நாட்களில் மாநகராட்சிப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறார். பிறந்து வளர்ந்தது வியாசர்பாடி. அங்கே தெருவுக்கு ஒரு ரமாபாய் உண்டு, பெயருக்கு விளக்கம் தேவையில்லை. வெளியே போனால்தான் "நீங்க இந்திக்காரங்களா?" என்பார்கள். "பக்கா வியாசர்பாடி, இன்னா இப்ப?" என்று இவரும் விட மாட்டார். ஸ்கூட்டரின் முன்னால் தொங்கும் கோணிப்பையில் பழைய ஃபேன் மோட்டார், சைக்கிள் ட்யூப், ஊசியில்லாத சிரிஞ்சுகள் எல்லாம் கிடக்கும். சிரிஞ்சு விற்கிற மருந்துக்கடைத் தண்டபாணி இவரை நர்ஸ் என்றே நம்பிக்கொண்டிருக்கிறார். முட்டிவலிக்கு யோசனைகூடக் கேட்பார். "வெயிட்ட கொறைங்க சார்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார் டீச்சர்.

"வாயால சொன்னா காத்தோட பூடும். கையால செஞ்சாதான் மண்டைல நிக்கும்" என்பது அவர் கட்சி. இரண்டு சிரிஞ்சை ட்யூபால் இணைத்துத் தண்ணீர் நிரப்பி, அட்டையில் கிரேன் செய்ய வைப்பார். ஒருநாள், கொடியில் காய்ந்த சட்டை ஒன்றை உதறி, அதில் படிந்திருந்த அனல்மின் நிலையத்துச் சாம்பலை மைக்ராஸ்கோப்பில் வைத்தார். முதலில் குனிந்தவள் அங்கம்மா. ஆறாம் வகுப்பு. வாயைத் திறந்தால் கழிமுகத்துக்கு அக்கரையில் கேட்கும்.

"ஐயே! ஜவ்வரிசி மாரி உருண்ட உருண்டயா கீது டீச்சர்! இத்தயா நாங்க முழுங்கிகினு கீறோம்?"

அவ்வளவுதான், கூடமே மைக்ராஸ்கோப்பின் மேல் வந்து விழுந்தது. தள்ளுமுள்ளு, முடிப்பிடிச் சண்டை, அழுகை.

அதற்கு வழி சொன்னவளும் அங்கம்மாதான். "பாடு போடு டீச்சர். எவனும் வாயத் தொறக்க மாட்டான்."

கழிமுகத்தில் நல்ல மீன் கிடைக்கிற இடங்கள் கொஞ்சம்தான். அதனால் எந்த நாள் எவர் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்திருக்கிறார்கள். அதுதான் பாடு. ஒருவர் பாடு நடக்கும்போது இன்னொருவர் குறுக்கே வந்தால் தண்டம் கட்ட வேண்டும். அடடா, இதை விட என்ன வேண்டும் என்று டீச்சருக்கு ஒரே குஷி. பெயர்களை எழுதி ஐஸ் பெட்டி மூடியில் போட்டுக் குலுக்கினார். அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

அந்தக் குப்பத்தில் பாடு ஆண்களுக்கு மட்டும். வியாசர்பாடிக்காரிக்கு அது எப்படித் தெரியும்! அங்கம்மாவின் சீட்டு வந்ததும் திருமுருகன் துள்ளி எழுந்தான். "பொம்பளைக்கு ஏது பாடு? எங்க தாத்தா கேட்டா சிரிப்பாரு."

தாத்தா சுப்புராயன் சிரிக்கவில்லை. ஊருக்கே சீட்டுக் குலுக்குகிறவர், தண்டம் விதிக்கிறவர் அவர். டீச்சரை நம்பி வலைக்கூடத்துச் சாவியைக் கொடுத்தவரும் அவர்தான். மறுநாளே டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"இன்னா வேணா சொல்லிக் குடுங்க டீச்சரம்மா. ஆனா பாடுன்றது சாமி முன்னால வெச்ச வழக்கம், அத்த வெளயாட்டாக்காதீங்க. பேர மாத்துங்க. இல்லாங்காட்டி சாவிய வாங்கிக்குவேன்."

பேர்தானே, மாற்றிவிட்டுப் போகலாமே என்று நமக்குத் தோன்றும். டீச்சருக்கும் தோன்றியது. அடுத்த சனிக்கிழமை, "இனிமே இதுக்கு முறைன்னு பேரு" என்றார். முறையை எவன் மதித்தான்? பையன்கள் முண்டியடித்து முன்னால் வந்தார்கள். பெண்பிள்ளைகள் வலைக்குவியல் மேல் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

"பாடுன்னா எங்களுக்கு இல்லன்றாங்க. முறைன்னா எவனும் மதிக்கல. அப்ப நாங்க எப்பதான் பாக்கறது டீச்சர்?" என்றாள் அங்கம்மா.

ரமாபாய்க்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடம் போனால் வகுப்பே போயிற்று, குப்பத்தில் வேறு இடம் கிடையாது. வாரம் முழுக்க அதே நினைப்பு. வகுப்பில் சாக்பீஸ் இருக்கிற கையாலேயே சாக்பீஸைத் தேடினார்.

அடுத்த சனிக்கிழமை எல்லாப் பெயரும் மறுபடி ஐஸ் பெட்டி மூடியில் விழுந்தன. "பாடு போடறேன். யார் பேரு வருதோ அவங்க பாடு" என்றார். மூன்றாவது சீட்டு அங்கம்மாவுடையது. அவள் குனிந்தாள். கழிமுகத்துத் தண்ணீர் ஒரு சொட்டு வைத்திருந்தார் டீச்சர்.

"டீச்சர், இன்னாவோ ஒண்ணு காலு வெச்சிகினு நீந்துது... ஐயோ, இருட்டிகிச்சு டீச்சர்."

வாசலை அடைத்துக்கொண்டு சுப்புராயன் நின்றிருந்தார். சாவிக்காகக் கையை நீட்டிவிட்டார். டீச்சர் எழுந்து போய்க் கெஞ்சிக் கூத்தாடவும் தயாராகத்தான் இருந்தார். ஆனால் வாயில் வந்தது பழகிய பேச்சு.

"வெளிச்சத்த வுடு நைனா, வாசல்ல நிக்காத. அவ பாடு ஓடிகினு கீது."

பெரியவரை ஒருமையில் சொல்லிவிட்டோமே என்று பிறகுதான் உறைத்தது. ஆனால் அடுத்தவர் பாடு நடக்கும்போது குறுக்கே நின்றதற்கு எத்தனையோ பேருக்குத் தண்டம் போட்ட மனுஷன் அவர். கால் தானாக நகர்ந்தது. ஓரமாகப் போய்ச் சுவரோடு ஒட்டி நின்றார். நீட்டிய கை மட்டும் நீட்டியபடியே இருந்தது.

ரமாபாய் சாவியை எடுக்கவில்லை. இடது கையால், வெயில் கிடைக்கும்வரை கண்ணாடியைத் திருப்பினார்.