இசைக்கு முதுகு கொடுத்தவர்கள்

இந்நாட்டில் இசை கேட்கப் போகிறவர்களுக்கு வாயிலிலேயே காதடைப்பான் கொடுக்கிறார்கள். மஞ்சள் நிறத்தில், சுண்டுவிரல் நுனியளவில், பஞ்சுபோல் அமுங்கும் இரண்டு துண்டுகள். நோர்வேயின் மேற்குக் கரையில் நாங்கள் குடியிருக்கும் சிறுநகரத்தின் கோடை இசைவிழாவுக்கு இவ்வாண்டு நானும் என் மனைவி சிவமலரும் போனபோது, வாயிலில் நின்ற இளம்பெண் அவற்றை எங்களிடம் நீட்டினாள். சிவமலர் வேண்டாமென்று தலையசைத்தாள். விலைக்கு அஞ்சுகிறாள் போலும் என்று எண்ணிய அந்தப் பெண், “இது இலவசம்” என்றாள். “எனக்குக் காது திறந்திருக்க வேண்டும்” என்று தன்னால் இயன்ற அளவு, நொஸ்க் எனும் நோர்வே மொழியில் சிவமலர் விளக்கினாள். பெண்ணின் முகம் மலர்ந்தது. “அவ்வளவு இசைப்பிரியமா உங்களுக்கு!” சிவமலர், “இல்லை” என்றாள். அவள் சொன்னது உண்மை. அந்தப் பெண் திகைத்து என்னைப் பார்க்க, நான் இருவருக்குமுரியதை வாங்கிச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு நன்றி கூறி நகர்ந்தேன்.

அன்று மாலை எங்கள் மகள் ஆரணி, தன் பள்ளியின் இளையோர் வாத்தியக் குழுவோடு பெரிய மேடையில் கிளாரினெற் வாசிக்க இருந்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்த அவளுக்கு வயது பதினாறு. சிறுவயது முதல் அவள் வாசித்த ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தாய் தவறாமல் போயிருக்கிறாள். ஆயினும் ஒருநாளேனும் இருக்கையில் அமர்ந்ததில்லை. மண்டபத்தின் கதவோரம், மேடைக்கு முதுகு கொடுத்து, வெளியே தெருவை நோக்கி நிற்பாள். இம்முறை ஆரணி முன்கூட்டியே கேட்டுவிட்டாள்.

“அம்மா, நீங்கள் எல்லாத்துக்கும் வாறியள். ஆனா ஒருக்காலும் என்னைப் பாக்கேல்லை. என்ரை ரீச்சர் உங்களைக் கதவுக் காவலுக்கு வந்த ஆளெண்டு நினைச்சவா. இந்தமுறை என்னைப் பாருங்கோ, அம்மா.”

“பாப்பம்” என்றாள் சிவமலர். அந்தச் சொல்லில் வாக்குறுதி இல்லை என்பதை ஆரணியும் அறிந்திருந்தாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்துப் பழகினாள்.

இதனை விளங்கிக்கொள்வதற்கு எங்கள் ஊர்க் கூட்டங்களின் கதையைச் சொல்லியாக வேண்டும். திருகோணமலையில் நான் ஆசிரியத் தொழிலில் சேர்ந்த முதலாண்டுகளில், உப்புவெளிப் பக்கத்து அம்மன் கோயிலின் பூங்காவனத் திருவிழாவுக்குக் கூடிய கூட்டத்துக்கு எல்லையென்று ஒன்று இருந்ததில்லை. திரியாயிலிருந்து உழவு இயந்திரப் பெட்டிகளில் குடும்பம் குடும்பமாய் வந்து இறங்குவார்கள். தோப்பூர்க்காரர் மூதூருக்கு வந்து, லாஞ்சிப் படகில் குடாவைக் கடந்து வருவார்கள். கிண்ணியா முஸ்லிம் காக்காமார் கச்சான் கடலை வறுத்துக்கொண்டே தலையை ஆட்டித் தவில் கேட்பார்கள். துறைமுகத்தில் வேலைசெய்யும் சிங்களத் தொழிலாளர் எண்ணெய்க் கறை போகாத கைகளால் தாளம் போட்டு, பிழைத்தபோது தாங்களே சிரித்துக்கொள்வார்கள். ஒலிபெருக்கிக் குழல்களைத் தென்னைகளில் உயரக் கட்டியிருப்பார்கள். நாதசுரம் கோயிலிலிருந்து புறப்பட்டு, வீடுகளையும் கடற்கரையையும் கடந்து, நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்கள்வரை போகும். அக்கூட்டம் முழுதாய்க் கேட்டதென்று சொல்லமுடியாது. அது உண்டது, உறங்கியது, சண்டையிட்டது, பெண் பார்த்தது, இடையிடையே இசையும் கேட்டது. இசைக்கு யாரும் காவலிருக்கத் தேவையில்லாத காலம் அது.

போர் அக்கூட்டத்தை ஓரங்களிலிருந்து உண்ணத் தொடங்கியது. முதலில் திரியாய்ப் பெட்டிகள் வருவது நின்றது. அடுத்துக் குடாவைக் கடந்து வருவோர் அருகினர். பின்னர் இரவே இல்லாமற் போயிற்று. பொழுது சாயுமுன் ஊரடங்கு என்றானபின், இரவெல்லாம் நிகழ்ந்த நாதசுரக் கச்சேரி உச்சிவெயிலுக்கு இடம்மாறியது. ஒலிபெருக்கிகளை இறக்கிவிட்டார்கள். வீதிமண்டபத்து நிழலில் ஒடுங்கக்கூடிய அளவுக்குச் சனம் சுருங்கிற்று.

அத்தகைய ஒரு பகற்கச்சேரியில், தம்பலகாமத்துத் தவில்காரர் தனியாவர்த்தனம் தொடங்கிய வேளையில் தெருவில் ஒரு வாகனம் உறுமிக்கொண்டு வந்தது. அவ்வளவுதான், இளைஞரைப் பிடிக்க இராணுவம் வந்துவிட்டதென்று கூட்டம் கலைந்து மதிலேறிக் குதித்து ஓடிவிட்டது. வந்தது பாண் ரொட்டி விற்கும் வான். சனம் நாணத்தோடு திரும்பிவந்து, கழற்றிப் போட்ட செருப்புகளைத் தேடிக்கொண்டிருக்கையில் தவில்காரர் இடுப்பில் கையூன்றி நின்றார்.

“பாண்காரனுக்கே இந்த ஓட்டமெண்டா, நான் தனியை ஆருக்கு வாசிக்கிறது? பாணுக்கோ?”

பூக்கட்டும் பெண்ணொருத்தி விடவில்லை. “ஏன் அண்ணை, நீங்களும் தவிலை விட்டிட்டுத்தானே ஓடினியள்?”

“ஆர் ஓடினது? தூக்கேலாத சாமானை வைச்சிட்டு நான் நடந்தனான். கொஞ்சம் கெதியா நடந்தனான், அவ்வளவுதான்.”

எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியபின் அந்தப் பெண்ணே வழியும் சொன்னாள். “ஆம்பிளையள் கரையிலை இருந்தா முதலிலை அவையளைத்தான் அள்ளுவாங்கள். பொடியளெல்லாம் உள்ளுக்கை இருக்கட்டும். பொம்பிளையள் நாங்கள் கரையிலை, தெருவைப் பாத்துக்கொண்டு இருக்கிறம். ஒரு உருப்படிக்கு நாலு பேர். முடிய முறை மாறுவம்.”

அன்று பிறந்த வழக்கம் பல ஆண்டுகள் நீடித்தது. நடுவில் கலைஞர். அவர்களைச் சூழ இளைஞரும் ஆண்களும். அவர்களுக்கு அப்பால் பெண்களும் குழந்தைகளும். யாவர்க்கும் புறத்தே நான்கு பெண்கள், இசைக்கு முதுகு கொடுத்துத் தெருவின் அரவத்தையே கேட்டபடி. நாலு பேர் செவியைத் தெருவுக்கு ஈந்ததனால், ஏனைய அத்தனை பேரும் தங்கள் இரு செவிகளையும் இசைக்கு ஈய முடிந்தது. நாதசுரக்காரரும் தம் வழியை மாற்றிக்கொண்டார். வானைப் பிளக்கப் பிறந்த அவ்வாத்தியத்தை, ஓசை மதிலைத் தாண்டாதபடி, ஒருவர் காதில் ஒருவர் சொல்லும் செய்திபோல் ஊதினார். தொடையில் தாளமிட்ட விரல்கள்கூட ஒலி எழுப்பவில்லை. மடியிற் கிடந்த குழந்தைகள் அழவில்லை. கற்றவனென்ற இறுமாப்போடு பல சபைகளில் அமர்ந்தவன் நான். அந்த வெயிலில், அச்சத்தின் நடுவே, அத்தனை பேர் ஒரு காதாகிக் கேட்டதைப்போல் அதற்கு முன்னரோ பின்னரோ எங்கும் கண்டதில்லை. முன்னைய பெருங்கூட்டத்தில் பத்திலொரு பங்குகூட அது இராது. ஆயினும் கேட்டல் என்பதன் பொருளை எனக்கு உணர்த்தியது அதுவே.

அந்த நால்வருள் ஒருத்தியாகவே சிவமலரை நான் முதலில் அறிந்தேன். அப்போது எங்களுக்கு மணமாகவில்லை. அவளுடைய தம்பி குணம் என் மாணவன். இசைப் பித்தன், கலைஞரின் முழங்கால் படும் தூரத்தில்தான் எப்போதும் அமர்வான். ஒருநாள் கரகரப்பிரியா ஆலாபனை நிகழ்ந்துகொண்டிருந்தது. சிவமலரின் முறை முடியும் தறுவாய். மேலே ஏறிய இராகம் இறங்க மனமின்றி ஓரிடத்தில் நின்று ஒளிர்ந்தபோது, உள்வட்டத்தில் இருந்த நான் கண்களை மூடிக்கொண்டேன். அதே கணத்தில் அவள் தலையைத் திருப்பி இசையின் பக்கம் பார்த்திருக்கிறாள். ஒரே ஒரு கணம். திரும்பவும் தெருவை நோக்கியபோது வாயிலில் சீருடையினர் நின்றார்கள். அவர்கள் பிடித்துச் சென்ற இளைஞருள் குணமும் ஒருவன்.

அவர்கள் வாகனத்தைத் தொலைவில் நிறுத்திவிட்டு, வேலியோரமாக ஓசையின்றி நடந்து வந்தார்கள் என்பது பின்னர்த் தெரிந்தது. தெருவையே பார்த்திருந்த மற்ற மூவரும் எதையும் காணவில்லை, கேட்கவில்லை. சில மாதங்களில் குணம் உயிரோடு மீண்டான். இன்று திருகோணமலை நகரில் சிறு கடை வைத்திருக்கிறான். அந்த நாளைப் பற்றி நகைத்துப் பேசும் உரிமை தனக்கு மட்டுமே உண்டென்பதுபோல் நகைத்தும் பேசுவான். போர் மறுபடி மூண்டுவிட்ட இந்நாட்களில் அவனோடு தொலைபேசித் தொடர்பு கிடைப்பதே அரிது. விழாவுக்கு முன்னைய வாரம் கிடைத்தது.

“அக்கா, நீ பாத்துக்கொண்டு இருந்திருந்தா மட்டும் அவங்கள் பயந்து திரும்பிப் போயிருப்பாங்களோ? உன்னைக் கண்டு பயப்பிடுறது அத்தான் மட்டும்தான்” என்றான். பிறகு குரல் தணிந்தது. “பிடிபட்டது நான். நானே மறந்திட்டன். பிள்ளை வாசிக்கேக்கை அங்காலை பாத்துக்கொண்டு நில்லாதை.”

“ஓம், ஓம்” என்றாள் இவள். “நீ நேரத்தோடை கடையைப் பூட்டு. றோட்டிலை நிண்டு கதையாதை.”

இங்குள்ள கூட்டம் எங்கள் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் வளர்ந்தது. மீன் தொழிற்சாலை வேலைக்கு நான் வந்து சேர்ந்த ஆண்டில், இவ்விழா துறைமுகக் கரையோரத்தில் நடந்த சிறு கூத்து. வேலி கிடையாது. மீன்பெட்டிகளைக் கவிழ்த்து அமர்ந்திருப்பார்கள். மது மிஞ்சிய முதிய மீனவர் ஒருவரையொருவர் தழுவி ஆடுவார்கள். ஆண்டுதோறும் மேடை உயர்ந்தது, வேலி வந்தது, நுழைவுச்சீட்டுக்கு அடையாளமாய் மணிக்கட்டில் பட்டி வந்தது, தொலைவூர்களிலிருந்து பேருந்துகள் வந்தன. இப்போது இளையோர் கைத்தொலைபேசியைத் தலைக்குமேல் பிடித்து, கண்ணெதிரே நிற்கும் பாடகனை அதன் சிறு கண்ணாடியில் பார்க்கிறார்கள். முதலில் எனக்கு நகைப்பாயிருந்தது. போகப்போக வியப்பே மிஞ்சியது. அத்தனை ஆயிரம் பேரில் ஒருவராவது தெருப்பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை! முதுகுப்புறத்தில் என்ன நிகழுமென்ற எண்ணமே இன்றி இத்தனை மனிதர் ஒரே திசையில் நிற்கமுடியும் என்பதை, இத்தனை ஆண்டுகளின் பின்னும் என்னால் இயல்பாய்க் கொள்ள இயலவில்லை.

அன்றும் சிவமலர் வேலியோரத்திலேயே நின்றாள், தெருவை நோக்கி. இரவு ஒன்பது மணி ஆகியும் இந்நாட்டுக் கோடை வெயில் குன்றவில்லை. ஆரணியின் குழுவுக்கு முந்திய பாட்டு நடந்துகொண்டிருந்தது. மேடையைப் பார் என்று அவளிடம் சொல்லும் உரிமை எனக்கு உண்டா என்பது ஐயமே. உள்வட்டத்தில் கண்மூடிக் கேட்டவன் நான். எதை எண்ணியோ அவள் ஒருதரம் மேடைப்பக்கம் திரும்பினாள். திரும்பியவள் அப்படியே நின்றாள்.

“இஞ்சருங்கோ, முன்னுக்கு மஞ்சள் சட்டையோடை நிக்கிறவை ஏன் மேடையைப் பாக்கினமில்லை?”

மேடைக்கும் கூட்டத்துக்கும் இடையிலிருந்த இரும்புத் தடுப்பின் உட்புறத்தில் காவற்பணியாளர் வரிசையாய் நின்றனர். யாவரும் இசைக்கு முதுகு காட்டி, சனத்தின் முகங்களையே பார்த்தபடி. ஆண்டுதோறும் நின்றவர்கள்தாம். வேலியோரத்திலிருந்து தெருவையே பார்த்தவள் அன்றுதான் அவர்களைக் கண்டாள்.

“அவை காவல். சனத்துக்கு ஒண்டும் ஆகாமல் பாக்கிறதுதான் அவையின்ரை வேலை.”

“பாட்டு முடியுமட்டும் திரும்பமாட்டினமோ?”

“திரும்பக்கூடாதாம்.”

“முறை மாறுறேல்லையோ?”

“அது தெரியேல்லை.”

அவர்களுள் ஒருத்தி, ஆரணியைவிடச் சற்றே மூத்தவள், குட்டையாய் வெட்டிய முடியுடையவள். அவளையே சிவமலர் நெடுநேரம் பார்த்தாள். “பாவம், சின்னப்பிள்ளை” என்றாள். பிறகு, “நான் அங்கை போறன்” என்றாள். காவல் உள்ள இடத்தில் தானும் கேட்கலாமென்று துணிந்தாளோ, தனித்துக் காவலிருப்பவளுக்குத் துணைபோக எண்ணினாளோ, நான் அறியேன். பின்னரும் கேட்கவில்லை. தோள்களுக்கு இடையே அவள் நுழைந்து போனாள். நெடிதுயர்ந்த மனிதர்கள் அச்சிறிய பெண்ணுக்கு வியப்போடு விலகி வழிவிட்டார்கள். எனக்கு அவ்வாறு விடவில்லை. சில வரிசைகள் பின்னே அகப்பட்டு நின்றுவிட்டேன்.

குழு மேடையேறியது. சிவமலர் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நோக்கினாள். அவளுடைய பின்னலை மட்டுமே என்னால் பார்க்க முடிந்தது. ஆனால் ஆரணியின் முகம் எனக்குத் தெரிந்தது. கிளாரினெற்றை உதட்டில் வைத்தவள், பழக்கத்தினால் தொலைவில் வேலியோரத்தைத் தேடினாள். காணாமல் கண்ணைத் தாழ்த்தியவள் தன் காலடியில் தாயின் முகத்தைக் கண்டாள். அவளுக்கு மூச்சு ஒருகணம் தவறிற்று. முதற்சுரம் பிந்திப் பிறந்தது. ஆனால் பிறந்தபின் அது நடுங்கவில்லை. தனித்து வாசிக்கும் இடம் வந்தபோது மற்ற வாத்தியங்கள் ஓய்ந்தன. தொலைபேசிகளை உயர்த்தியிருந்த கைகள் ஒவ்வொன்றாய்த் தாழ்ந்ததை நான் பார்த்தேன். ஆயிரக்கணக்கானோர் அங்கே மெல்ல மெல்ல அமைதியாயினர். அத்தகைய அமைதியை நான் வேறொரு வெயிலில் அறிந்திருந்தேன்.

அப்போது அந்தக் காவற்பெண் குனிந்து சிவமலரிடம் ஏதோ கேட்டாள். கண்ணீரைக் கண்டு, நெரிசலில் மூச்சு முட்டுகிறதென்று எண்ணி, “தூக்கி வெளியே விடவா?” என்று கேட்டாளாம். விடையைக் காத்திராமல் காகிதக் குவளையில் நீரும் நீட்டினாள். சிவமலர் தலையசைத்து, மேடையைச் சுட்டி, “என் மகள்” என்றாள். “எவள்?” என்று கேட்டவளுக்கு மறுபடியும் சுட்டினாள். அந்தப் பெண் இடமும் வலமும் ஒருமுறை பார்த்தாள். பிறகு, திரும்பக்கூடாதவள் திரும்பினாள்.

அவள் திரும்பிய அதே கணத்தில் சிவமலரும் திரும்பினாள். எண்ணிச் செய்ததாய்த் தெரியவில்லை. ஒருத்தி இறக்கிய சுமையை மற்றொருத்தி ஏந்திக்கொண்டதுபோல் இருந்தது. கம்பியில் முதுகைச் சாய்த்து, நீர்க்குவளையைக் கையிற் பிடித்தபடி, அவள் எங்கள் அனைவரையும் நோக்கி நின்றாள். மேடையைப் பார்த்த அத்தனை ஆயிரம் முகங்களுக்கு எதிராக அந்த ஒரு முகம். கன்னம் நனைந்திருந்தது, ஆனால் அதில் அச்சம் இல்லை. அவள் கண்கள் வரிசை வரிசையாய் நகர்ந்தன. என்மீதும் பட்டன, நிற்கவில்லை. எங்களைக் கடந்து, வேலியைக் கடந்து, தெருவுக்குப் போயின. அவளுடைய செவிகள் இரண்டும் முதுகுப்புறத்தில் வாசித்துக்கொண்டிருந்த மகளிடம் இருந்தன. கண்கள் இரண்டும் எந்த ஊரின் தெருவைக் காத்தன என்று அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன் மட்டுமே அறிந்திருந்தேன்.