திங்கட்கிழமை மாத்திரை

குங்குமம் வைத்துக்கொள்ளும் சின்ன எவர்சில்வர் டப்பா அது. பெரிய டீச்சர் மூடியைத் திறந்து என் மேசைமேல் கவிழ்த்தபோது எட்டு மாத்திரைகள் உருண்டன. "போன மாசம் மிஞ்சினதுங்க தம்பி. அரசாங்கத்து மருந்து, வீணாப் போவக்கூடாது பாருங்க" என்றார். எண்பதுகளின் நடுவில், பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருந்தாளுநராக இருந்தேன், ஊராருக்குக் கம்பவுண்டர். ஊர்ப் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன், தப்பு என்னுடையது என்பதால். மருந்தைக் குப்பையில் கொட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தவர் அவர் ஒருவர்தான். வரிசையில் நின்றவர்களிடம், "இவங்களப் பாத்துக் கத்துக்கோங்க" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு எட்டையும் புட்டியில் போட்டு மூடினேன். அடுத்த மாதமும் எட்டு வந்தது. தினம் ஒன்று என்று எண்ணிக் கொடுத்த மாத்திரை எப்படி மிஞ்சும் என்று கேட்க எனக்குப் புத்தி வரவில்லை.

பெரிய டீச்சர் எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. ஒரே மகளை அதியமான்கோட்டையில் கட்டிக் கொடுத்திருந்தார். அந்தப் பெண்ணுக்கு இரண்டு முறை கரு தங்காமல் போய், மூன்றாவது முறையாக மூன்று மாதம். அந்த நேரம் பார்த்துத்தான் டீச்சருக்கு விடாத இருமல் வந்து, காசநோய் என்று தெரிந்தது. டாக்டருக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியக் கூடாது என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஏழாம் மாதம் வளையல் போட்டு மகளை அழைத்துவர வேண்டும், தன் வீட்டில்தான் பிரசவம் என்பது அவருடைய ஒரே ஆசை. "அதுக்குள்ள எனக்குச் சரியாயிருங்களா?" என்று கேட்டார். ஒரு நாளும் தவறாமல் மருந்து சாப்பிட்டால் சளி சுத்தமாகிவிடும், மகள் தாராளமாக வரலாம் என்றார் டாக்டர். இரண்டு மாத ஊசியும் முடிந்தபோது தொற்று போயிருக்கும் என்று நாங்களும் நம்பிவிட்டோம்.

திங்கட்கிழமை மாலைகளில் அவர் சிவன் கோவில் மண்டபத்தில் கதை சொல்வார். நாற்பது பெண்கள் வருவார்கள். நான் கோவிலுக்குள் போகிற ஆள் இல்லை. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக மாதா கோவில் குடும்பம். ஆனால் எதிரே இருந்த டீக்கடைக்கு ஒலிபெருக்கி நன்றாகவே கேட்கும். ஒரு திங்கட்கிழமை சோமனைப் பற்றிச் சொன்னார். வேதத்தில் சோமன் என்றால் முதலில் ஒரு கொடி, அதைப் பிழிந்த சாறு, தேவர்களின் உணவு. பிறகு அதே பெயர் நிலவுக்கு வந்தது. வானத்துக் கிண்ணத்திலிருந்து தேவர்கள் நாளுக்கு ஒரு கலையாகக் குடிக்கிறார்கள், அதனால்தான் நிலவு தேய்கிறது என்றார். அமாவாசையன்று நிலவு எங்கும் போய்விடுவதில்லை, தண்ணீரிலும் புல்பூண்டிலும் இறங்கித் தங்குகிறது. அதனால்தான் அன்றைக்கு ஒரு தழையைக்கூடக் கிள்ளக் கூடாது. அந்தப் புல்லை மாடு மேய்கிறது, பாலாகிறது, பால் வேள்வியில் விழுந்து மேலே போகிறது, நிலவு மறுபடி நிறைகிறது. "நெலா வானத்துல இருக்குதுன்னு அண்ணாந்து பாக்கறமுங்க. அது நம்ம தட்டுல இருக்குது" என்று முடித்தார்.

டீ ஆறிப்போனது தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். ஞாயிறுதோறும் பீடத்தின்முன் நாக்கை நீட்டி அப்பம் வாங்குகிறவன் நான். தெய்வம் உணவாகி வயிற்றுக்குள் வருகிறது என்பது எங்களுக்கு மட்டுமே உரிய செய்தி என்று அதுவரை நினைத்திருந்தேன். பசித்தவனிடம் கடவுள் வேறெப்படித்தான் வருவார்? எந்தக் காலத்து மனிதருக்கும் வயிறு ஒன்றுதானே. களத்தில் நெல் தூற்றும் என் அப்பா கீழே சிந்தியதை மிதிக்க விடமாட்டார்; அவர் எந்த வேதமும் படித்ததில்லை.

மூன்றாவது மாதச் சோதனை முடிவு ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தது. கிருமி அப்படியே இருந்தது. டாக்டர் சீட்டை என்மேல் எறிந்தார்: "என்னய்யா மருந்து குடுத்த நீ?" அப்போதுதான் அந்த டப்பா என் மண்டையில் உறைத்தது. டீச்சர் உள்ளே வந்ததும் வராததுமாகக் கேட்டேன், தினமும் மாத்திரை போடுகிறாரா என்று. "வெரத நாளு தவிர மத்த நாளெல்லாம் போடறேனுங்க" என்றார் ஒளிவுமறைவில்லாமல். திங்கட்கிழமைகள், இரண்டு பிரதோஷம், பௌர்ணமி, அமாவாசை. பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் வாயில் போகாது. மகளுக்குக் கரு தங்க வேண்டும் என்று சோமனைத் தலையில் வைத்த ஈசனுக்கு அவர் நேர்ந்துகொண்ட விரதம். மாத்திரை போட்டால் விரதம் கெட்டுவிடுமே என்று அந்த நாட்களுக்கு உரியதை எடுத்துப் பத்திரமாக டப்பாவில் வைத்திருக்கிறார். மகளுக்காகவே மருந்து, மகளுக்காகவே மருந்தை விட்டதும்!

எனக்கு மூக்குக்குமேல் கோபம் வரும், வந்தது. பாதிக்குமேல் என்மீதே வந்த கோபம், அவர்மேல் விழுந்தது. "இப்பிடிப் பண்ணா மக வரமுடியாதுங்க. வந்தாக் கொழந்தைக்கும் ஒட்டும்" என்று கத்தினேன். இனி மண்டபத்துக்குப் போகக் கூடாது என்றேன். அன்றைய மாத்திரையை அவர் கையில் வைத்து, "இன்னிக்குத் திங்கக்கெழம. முழுங்கறதும் தூக்கிப் போடறதும் உங்க இஷ்டம்" என்றேன். டீச்சர் மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டார். "இன்னிக்கு ஒரு நாளு மட்டும் போறேன் தம்பி. எட்டத்துல ஒக்காந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அறுபது வயதுப் பெண்மணியிடம் அப்படிக் கத்தியிருக்க வேண்டாம்.

மாலையில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பெண்கள் எல்லாரும் மண்டபத்தில் இருக்க, டீச்சர் மட்டும் வெளியே வேப்பமரத்தடியில் ஒலிவாங்கியோடு தனியாக அமர்ந்திருந்தார். அன்று அவர் எடுத்த கதை சந்திரனுக்கு நோய் வந்த கதை. தட்சனின் மகள்கள் இருபத்தேழு பேரைக் கட்டிய சந்திரன் ரோகிணியிடமே கிடந்தான். தட்சன் சாபத்தால் அவனைத் தேய்வு நோய் பிடித்தது. அவன் தேயத் தேயப் பூமியில் பூண்டுகள் சாறற்று வாடின, பூண்டைத் தின்னும் உயிர்கள் இளைத்தன. தேவர்கள் தட்சனிடம் ஓடினார்கள். "சந்திரன் பாவம், காப்பாத்துங்கன்னு அவங்க கேக்கலிங்க. அவன் தேஞ்சா எங்களுக்குச் சோறு இல்லிங்கன்னு கேட்டாங்க" என்றார் டீச்சர். பிறகு பேச்சு நின்றுவிட்டது. ஒலிபெருக்கியில் மூச்சு மட்டும் கேட்டது. நான் எழுந்து பார்த்தேன். முந்தானை முடிச்சை அவிழ்த்து, பக்கத்திலிருந்த செம்புத் தண்ணீரோடு மாத்திரையை விழுங்கினார். "எனக்கு டி.பி. இருக்குதுங்க. மூணு மாசமா மறச்சுட்டேன். எல்லாரும் ஆசுபத்திரிக்குப் போயி சோதிச்சுக்கோங்க" என்றார். முன்வரிசையில் ஒரு பெண் தன் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டதை டீச்சரும் பார்த்தார், நானும் பார்த்தேன்.

நாற்பது பேரும் வந்து சோதித்துக்கொண்டார்கள். நல்லவேளை, ஒருவருக்கும் இல்லை. இன்று நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். சர்க்கரை நோய்க்கு நாலு மாத்திரை. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனிலிருந்து உபவாசம் இருந்தே தீருவேன் என்று மனைவியிடம் வருடாவருடம் முரண்டு பிடிக்கிறேன். டீச்சரைத் திட்டிய வாய்தான் இது. காசநோய்க்காரர் மாத்திரையை விழுங்குவதை ஊழியர் ஒருவர் நேரில் பார்த்துப் பதிவு செய்வது இப்போது முறையாகிவிட்டதாம். அன்று அப்படி ஒரு முறை இல்லை. பயந்துபோய் நானாகவே தினமும் டீச்சர் வீட்டுக்குப் போய் நின்றேன். மகளுக்கு ஒன்பதாம் மாதம் நடந்தபோது சளி சுத்தம் என்று சீட்டு வந்தது. பேத்தி அந்த வீட்டில்தான் பிறந்தாள். இருந்தும் டீச்சரை நினைத்தால் எனக்குப் பேத்தி பிறந்த நாள் நினைவுக்கு வருவதில்லை. அவர் மண்டபத்தில் நோயைச் சொன்னதற்கு அடுத்த திங்கட்கிழமைதான் வருகிறது.

அன்று மத்தியானம் நான் போனபோது நிலைப்படிக்கு வெளியே மகள் உட்கார்ந்திருந்தார். ஆறு மாத வயிறு. பக்கத்தில் டிபன் கேரியர். செய்தி எப்படியோ அதியமான்கோட்டைக்குப் போயிருந்தது. உள்ளே பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு டீச்சர், "கிட்ட வராத பாப்பா, வூட்டுக்குப் போ" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். மகள் களியும் கீரைக் கடைசலும் இரண்டு தட்டில் வைத்து, ஒரு தட்டை நிலைப்படிக்கு உள்ளே தள்ளினார்.

"நான் உள்ள வர்லம்மா. நீ சாப்புடு."

"மாத்தர போட்டுக்கறேன் கண்ணு. சோறு மட்டும் வேணாம், இன்னிக்குத் திங்கக்கெழம. ஒனக்காகத்தான்."

"எனக்காகன்னா சாப்புடு. காலைலருந்து நானும் ஒண்ணும் சாப்புடல. நீ சாப்ட்டாத்தான் நான் சாப்புடுவேன். நான் சாப்ட்டாத்தான் இதுக்குச் சோறு" என்று மகள் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினார்.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். நானும் எத்தனையோ பேரிடம் அதைச் சொல்லியிருக்கிறேன். டீச்சர் அந்த வயிற்றைப் பார்த்தார். பிறகு வந்து தட்டை எடுத்துக்கொண்டு திரும்பவும் சுவரோரம் போய் உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டார். தாயின் தொண்டையில் அது இறங்கியதைப் பார்த்த பிறகுதான் மகள் தன் தட்டில் கை வைத்தார்.