துவைக்காத துண்டு

“படிச்ச பொண்ணு நீ. வூட்டு சண்டைன்னா சாட்சி சொல்லவா வருவ? கதவ சாத்திக்கினு பூடுவ!” என்று சிட்லபாக்கத்தில் பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை என்னிடம் சொன்னார். ஒட்டுத்துணியில் போர்வை தைப்பவர். கட்டிலுக்கு மேலும் கீழும் துணி மூட்டைகள்தான். எந்தத் துண்டையும் துவைக்காமல் மூட்டையில் சேர்க்க மாட்டார்.

ஐப்பசி மழையில் ஒரு மாலை, “வூடா இது, குப்பமேடா?” என்று கத்தியபடி அவர் கணவன் மூட்டைகளைத் தெருத் தண்ணீரில் வீசினான். தடுத்த அக்காவின் தலையைப் பிடித்துத் தையல் மெஷினில் மோதினான். ஓடிப்போய் இழுத்த என்னையும் அறைந்தான்.

மறுநாள், நெற்றியில் தையலோடு வந்து, ரத்தம் காய்ந்த ரவிக்கைத் துண்டை நீட்டினார்.

“இத்த மட்டும் துவைக்கல, பாப்பா.”

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். புகாரை நானே எழுதி, சாட்சியாகக் கையெழுத்துப் போட்டு, அந்தத் துண்டோடு ஸ்டேஷனில் கொடுத்துவிட்டேன்.