காதறுந்த பன்றியும் ட்ரூவெட் வம்சமும்

அமெரிக்காவின் வர்ஜீனியாவில், கிழக்குக்கரையில் ட்ரூவெட் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்களை அவர்கள் நன்றாகவே வைத்துக்கொள்வார்கள். வம்சப் பேச்சு வந்தால் மட்டும் சற்றுத் தள்ளி வைப்பார்கள். நெட்டி அப்படி வந்தவள்தான். பிறந்த வீடு பிக்னல். பள்ளிக்கூடச் சமையலறையை வருஷக்கணக்கில் கட்டியாண்டு ஓய்வுபெற்றவள். கேட்க நினைத்ததைக் கேட்காமல் விட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

ஆகஸ்ட் மாதம் குடும்பமே கூடும். வறுத்த கோழியும் சிப்பி வடையும் தீர்ந்ததும் கணவனின் பெரியப்பா மகன் வார்னர் எழுந்து நிற்பார். நிலத் தரகராக இருந்தவர். சதுப்பு நிலத்தையே கடலோரச் சொர்க்கம் என்று விற்ற வாய். மூதாதை கேப்டன் ஜெரோம் ட்ரூவெட் சொந்தக் கப்பலில் வந்திறங்கிய கதையை வருஷா வருஷம் சொல்வார். கப்பலும் வருஷா வருஷம் கொஞ்சம் பெரிதாகும்.

ஒரு வருஷம் நெட்டி அந்தக் கப்பலின் பெயரைக் கேட்டுவிட்டாள்.

"இதெல்லாம் ட்ரூவெட் ரத்தத்துல ஊறின விஷயம் நெட்டி. உனக்கு எங்க புரியப்போகுது?" என்றார் வார்னர்.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் கணவன் ராய்ஸும் பாதி சிரித்தான். அந்தப் பாதிக்கே ஒரு வாரம் அவனுக்குக் காய்ந்த ரொட்டிதான் கிடைத்தது.

அடுத்த திங்களன்றே நெட்டி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனாள். பதிவறையில் இருந்த டார்சி பழைய தொகுதிகளை எடுத்துக் கொடுத்து, அந்தக் காலத்து எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்தாள். பள்ளியில், அம்மா கையெழுத்தைப் பிள்ளைகள் போலியாகப் போட்ட சீட்டுகளைப் பிடித்துப் பழகிய நெட்டியின் கண்ணுக்கு அது ஒன்றும் பெரிய வேலையாக இல்லை.

முதலில் நிலப் பட்டாக்களைப் பார்த்தாள். கடல் தாண்டி ஆள் கூட்டி வந்தால் தலைக்கு ஐம்பது ஏக்கர் கிடைத்த பதினேழாம் நூற்றாண்டுக் காலம் அது. ஒரு பண்ணைக்காரர் கூட்டி வந்த வேலையாட்களின் பெயர்களில், பீப்பாய் செய்பவனுக்கும் பெயர் தெரியாத ஒருவனுக்கும் நடுவே ஜெரோம் ட்ரூவெட் இருந்தார். கேப்டனும் இல்லை, கப்பலும் இல்லை. யாரோ ஒருவருடைய ஐம்பது ஏக்கர், அவ்வளவுதான்.

பிறகு வழக்குகள். அந்தக் காலத்தில் பன்றிகளுக்குக் காதில் வெட்டு அடையாளம் இருக்கும். காதைப் பார்த்தால் யாருடைய பன்றி என்று தெரிந்துவிடும். ஜெரோம் வீட்டில் அகப்பட்டதோ காதே இல்லாத பன்றித் தலை. பிறவியிலேயே அப்படி என்று நீதிபதிகளிடம் சொல்லியிருக்கிறார். அவர்கள் நம்பவில்லை, அங்கே பணமாகப் புழங்கிய புகையிலையாக அபராதம் கட்டச் சொன்னார்கள். பன்றியைப் பறிகொடுத்து வழக்குப் போட்டவர் பெயரைப் பார்த்ததும் நெட்டி வாயைப் பொத்திக்கொண்டாள். ஒபடாயா பிக்னல். அவளுடைய சொந்த மூதாதை.

அடுத்த ஆகஸ்டில் கோழி தீருமுன்பே எழுந்து முழுவதையும் வாசித்தாள். பிறவியிலேயே காதில்லை என்ற இடத்தில் கூட்டம் மேசையைத் தட்டிச் சிரித்தது. வார்னர் சிரிக்கவில்லை. மறுவாரம் அவரும் டார்சி முன்னால் போய் நின்றார். பிக்னல்களைத் தோண்ட வேண்டும் என்றார்.

குளிர்காலம் முழுக்கத் தோண்டினார். வசந்தத்தில் ஒருநாள் நெட்டியின் சமையலறைக்குள் வந்தவர், உட்காராமலே ஒரு நகலை நீட்டினார்.

"உன் ஒபடாயாவுக்கு வெள்ளைத் துணி போர்த்தி, கையில வெள்ளைக் கோலைக் கொடுத்து, சர்ச்சுல எல்லார் முன்னாடியும் தண்டனையா நிக்க வச்சிருக்காங்க. கல்யாணத்துக்கு முந்தியே பிள்ளை."

நெட்டி வாங்கிப் படித்தாள். "பொண்ணு பேரைப் படிச்சீங்களா வார்னர்?"

"படிச்சேன்," என்றார் அவர், சுவரைப் பார்த்துக்கொண்டு.

பேஷன்ஸ் ட்ரூவெட். ஜெரோமின் தங்கை. பின்னால் ஒபடாயா அவளையே மணந்துகொண்டார். அந்தப் பிள்ளையின் வழியில் வந்ததுதான் நெட்டியின் பிறந்த வீடு. ட்ரூவெட் ரத்தத்தை வார்னரே தேடிப்பிடித்து அவளிடம் கொண்டுவந்து சேர்த்திருந்தார்.

"அப்போ இத்தனை வருஷமா சொந்தக்காரியையா கட்டிக்கிட்டு இருக்கேன்?" என்றான் ராய்ஸ், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

நெட்டி சிரிக்க வாய் திறந்தாள். அதற்குள் அடுத்த வரி கண்ணில் பட்டது. வலி எடுத்த நேரத்தில் மருத்துவச்சி பேஷன்ஸை அடக்கிப் பிடித்து, தகப்பன் பெயரைச் சொன்னால்தான் கைகொடுப்பேன் என்று நின்றிருக்கிறாள். நெட்டி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். ஒபடாயாவையும் ஜெரோமையும் வைத்து எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கலாம். இந்தப் பெண்ணிடம் அது முடியவில்லை. வார்னரும் தொப்பியைக் கழற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தார். அவள் கேட்காமலே காப்பி ஊற்றினாள்.

அந்த வருஷம் குடும்பம் ஒரு நினைவுக்கல் நட இருந்தது. அதில் பேஷன்ஸ் பெயரும் வேண்டும் என்று நெட்டி சொன்னதும் சில பெரியவர்கள் முகம் கோணினார்கள். வார்னர்தான் முதலில் கை தூக்கினார். ஜெரோம் பெயருக்கு முன்னால் போட இருந்த 'கேப்டன்' என்ற சொல்லை எடுக்கவும் சம்மதித்தார். பதிலுக்கு ஒரு கப்பல் படம் கேட்டார். பேரம் பேசி, கடைசியில் ஒரு சின்னப் படகில் முடிந்தது. அதில் துடுப்புகூட இல்லை.

இப்போது இருவரும் வியாழன்தோறும் பதிவறைக்குப் போகிறார்கள். டார்சி அவர்களை வேறு வேறு மேசையில்தான் உட்கார வைக்கிறாள். சேர்ந்து உட்கார்ந்தால், சிரிப்புச் சத்தத்தில் பத்திரம் பதிய வந்தவர்கள் திரும்பிப் பார்க்கிறார்களாம்.